பத்து பைட் எல்லை தாண்டிய கதை

2021 ஜூலை 20, செவ்வாய்க்கிழமை. நியூ ஜெர்சியில் இரவு பத்து மணி. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன் (ஆமாம், நான்தான். வீட்டு நிலவரம் அப்படி). வாட்ஸப்பில் அக்கா மகன் கூப்பிட்டான். அவன் திருப்பதி பக்கத்தில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் லேப் பொறுப்பாளர்.

"மாமா, தூங்கிட்டீங்களா?"

"இல்லடா, சொல்லு. அக்காவுக்கு உடம்பு எப்படி?"

"அம்மா நல்லா இருக்காங்க. மாமா, சீகோயான்னு லினக்ஸ்ல ஏதோ ஓட்டையாமே. நம்ம லேப் சர்வருக்கும் வருமா?"

கொரோனா காலம். காலேஜ் பூட்டிக்கிடந்தது. இருநூறு பையன்களும் பெண்களும் மதனப்பள்ளி, புத்தூர், காளஹஸ்தி என்று அவரவர் வீட்டிலிருந்தே அந்த ஒரே சர்வரில் நுழைந்து புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதே மெஷினில்தான் இன்டர்னல் மார்க் பட்டியலும் இருந்தது. அப்படி வைக்கக்கூடாதுதான். ஆனால் இருக்கிற ஒரு மெஷினில் எல்லாவற்றையும் வைப்பதுதான் நம் ஊர் வழக்கம். உபுண்டு 20.04. என் வயிற்றில் புளி கரைத்தது. ஏனென்றால் அன்று காலை ஆபீஸில் நான் படித்த முதல் விஷயமே அதுதான். சாதாரண கணக்கு வைத்திருக்கும் எந்தப் பயனரும் அந்த மெஷினுக்கே ராஜாவாகிவிடலாம்.

ஸ்டோரேஜ் துறையில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். அன்றிரவு அவனுக்குச் சொன்னதையும், பிறகு தோண்டித் துருவிப் படித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் படிக்கலாம். கொஞ்சம் நீளம், காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள் :-)

முதலில் கம்ப்யூட்டர் இல்லாத ஒரு கதை.

எங்கள் குடும்பம் சித்தூர் டவுனில் இருந்த தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, சண்டை போட இரண்டும். 1911-ல் உருவான சித்தூர் ஜில்லா, 1953-ல் ஆந்திர ராஜ்யத்தோடு போனது. ம.பொ.சி.யின் வட எல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் முடிந்து 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கமெல்லாம் சென்னை ராஜ்யத்துக்கு வந்தன. திருப்பதியும் சித்தூரும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. (2022 ஏப்ரலில் திருப்பதியே தனி ஜில்லா ஆகிவிட்டது. இப்போது சித்தூர்க்காரனுக்கு ஏழுமலையானும் பக்கத்து ஜில்லாக்காரர்.) தாத்தாவின் நிலம் பள்ளிப்பட்டு பக்கம். வீடு ஆந்திராவில், நிலம் தமிழ்நாட்டில், பத்திரம் எழுதியது இரண்டுக்கும் முந்தைய காலத்தில்.

அந்தப் பத்திரத்தில் நிலம் இரண்டு காணி என்று இருந்தது. எங்கள் பக்கம் ஒரு காணி என்பது சுமார் 1.32 ஏக்கர். பின்னால் ஒரு ஆபீஸில் புது லெட்ஜருக்கு ஏற்றியபோது யாரோ ஒரு புண்ணியவான் எண்ணை மட்டும் எடுத்து எழுதினார். 2. லெட்ஜரின் தலைப்பில் அச்சடித்திருந்ததோ ஏக்கர். அவ்வளவுதான், 64 சென்ட் காணாமல் போனது. எழுதிய எண்ணில் தப்பில்லை, கட்டத்திலும் தப்பில்லை. ஒரு அளவையில் இருந்த எண் வேறு அளவைக்குள் போய் விழுந்தது, அதுதான் விஷயம். அப்பா பதினோரு வருஷம் நடந்தார்.

சீகோயாவும் இதே கதைதான். பள்ளிப்பட்டுக்குப் பதில் லினக்ஸ் கெர்னல், சென்ட்டுக்குப் பதில் பைட்.

கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உள்ளறை. மெமரி முழுக்க அதன் கையில். அது மெமரியை நீளமான ஒரு வயல்வெளி மாதிரி பார்த்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பாத்தி பிரித்துக் கொடுக்கும். இந்தப் பாத்திக்காரன் அந்தப் பாத்தியில் கை வைக்கக்கூடாது. எல்லை எங்கே என்பதை யார் பார்க்கிறார்கள்? இங்கேதான் சிக்கல். லினக்ஸ் எழுதப்பட்டிருக்கும் சி மொழியில் யாரும் பார்ப்பதில்லை. எழுதுகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். "இங்கிருந்து இத்தனை பைட் தள்ளி எழுது" என்றால் சி எழுதும். அது பக்கத்து வீட்டுக்காரன் பாத்தியா என்று கேட்காது.

சி மொழி பிறந்த இடம் எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். மர்ரே ஹில், பெல் லேப்ஸ். முதல்முறை அந்த ரோட்டில் போனபோது, ஏதோ திவ்ய தேசம் வந்த மாதிரி காரை ஓரம்கட்டிவிட்டு நின்றேன். வீட்டம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! 1969-ல் கென் தாம்ப்ஸன், டென்னிஸ் ரிட்சி, ருட் கனடே மூவரும் அங்கே கரும்பலகையிலும் காகிதத்திலும் முதலில் வரைந்தது ஒரு பைல் சிஸ்டத்தைத்தான். யூனிக்ஸ் என்ற வீடே அந்த அஸ்திவாரத்தின் மேல் எழும்பியது. பிறகு ரிட்சி சி மொழியைச் செய்தார். 1973-ல் யூனிக்ஸ் கெர்னலையே அதில் திருப்பி எழுதினார்கள். அன்றைக்கு அவர்கள் வேலை செய்த பி.டி.பி-11 மெஷினில் மெமரி என்பது இன்று ஒரு செல்போன் போட்டோவுக்குக்கூடக் காணாது. எல்லையைச் சரிபார்க்கத் தனியாக நேரமும் இடமும் செலவழிப்பது அப்போது ஆடம்பரம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சி-யில் முழு எண்ணுக்கு 'இன்ட்' என்று ஒரு கட்டம் உண்டு. பி.டி.பி-11-ல் அது 16 பிட். பிறகு வந்த மெஷின்களில் 32 பிட். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 2,147,483,647. அதற்கு மேல் ஒன்று கூட்டினால்? பழைய பஸ்ஸின் கிலோமீட்டர் மீட்டர் 99999 தாண்டினால் 00000 ஆகும் இல்லையா, அந்த மாதிரி சுற்றும். ஆனால் இது பூஜ்யத்துக்கு வராது, நேராக மைனஸ் 2,147,483,648-க்குப் போய் விழும். பிளஸ் பக்கத்தின் கடைசிப் படியிலிருந்து மைனஸ் பக்கத்தின் அடிமட்டத்துக்கு.

1990-களில் 64 பிட் மெஷின்கள் வர ஆரம்பித்தபோது யூனிக்ஸ் கம்பெனிகளுக்குள் ஒரு விவாதம். எந்தக் கட்டத்தையெல்லாம் பெரிசாக்குவது? மெமரி முகவரியை 64 ஆக்கித்தான் தீரவேண்டும். ஆனால் இன்ட்டை 32-லேயே விட்டுவைத்தார்கள். அதை மாற்றினால் உலகத்தில் எழுதி வைத்திருக்கிற பாதி புரோகிராம் உடையும். நியாயமான முடிவு. அதனால் இன்று உங்கள் லேப்டாப்பிலும் போனிலும் ஒரே வீட்டில் இரண்டு அளவை. மெமரியில் ஒரு பாத்தியின் நீளத்தைக் குறிக்கும் 'சைஸ்_டி' 64 பிட். சாதாரண எண்ணான இன்ட் 32 பிட். காணியும் ஏக்கரும்!

லினக்ஸில் ஒரு போல்டரின் முழுப் பாதையைக் கண்டுபிடித்து எழுதித் தரும் ஒரு சின்ன பங்ஷன் இருக்கிறது. 'எவ்வளவு இடம் கொடுத்திருக்கிறாய்' என்று அது கேட்கும் எண் ஒரு இன்ட். சாதாரணமாக ஒரு பாதையின் நீளம் 4,096 பைட்டைத் தாண்டாது என்று லினக்ஸில் ஒரு வரம்பு உண்டு. 4,096-ஐச் சொல்ல இருநூறு கோடி வரை போகும் கட்டம் போதாதா? தாராளமாகப் போதும். இதுவும் நியாயம்.

ஆனால் அந்த 4,096 என்பது கெர்னலிடம் ஒரே மூச்சில் சொல்லும் பாதைக்குத்தான். ஒரு போல்டருக்குள் நுழைந்து, உள்ளே ஒன்று செய்து, அதற்குள் நுழைந்து, இன்னொன்று செய்து என்று இறங்கிக்கொண்டே போனால் கிணறு எவ்வளவு ஆழம் வேண்டுமானாலும் போகும். யார் அப்படி வெட்டப்போகிறார்கள் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

மூன்றாவது நியாயமான முடிவு 2014-ல். கெர்னல் தன் உள்விவரங்களைப் பயனருக்குப் பட்டியலாகக் காட்ட ஒரு பொதுவான வழி வைத்திருக்கிறது, பெயர் சீக்_பைல். காட்ட வேண்டியது பாத்திக்குள் அடங்கவில்லை என்றால் பாத்தியை இரட்டிப்பாக்கி மறுபடி முயற்சிக்கும். அதுவரை அது இடம் கேட்ட முறையில் மெமரி துண்டு விழாமல் தொடர்ச்சியாகக் கிடைக்க வேண்டும். மெமரி சிதறிக் கிடக்கும் மெஷின்களில் சிபியு கணக்கு விவரத்தைப் படிக்கக்கூட இடம் கிடைக்காமல் தோற்றது. அதைச் சரிசெய்ய, "தொடர்ச்சியாக இல்லாவிட்டால் பரவாயில்லை, அங்கங்கே இருக்கும் துண்டுகளைத் தைத்துக் கொடு" என்று ஒரு மாற்றம் செய்தார்கள். நல்ல மாற்றம், நான் பரிசீலித்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். லினக்ஸ் 3.16-ல் வந்தது. அதோடு, பழைய முறையில் தானாகவே இருந்த ஒரு உச்சவரம்பு சத்தமில்லாமல் போய்விட்டது. இனி அந்தப் பாத்தி இரட்டித்து இரட்டித்து 2 ஜிபி வரை வளரலாம்.

2 ஜிபி என்பது எத்தனை பைட்? 2,147,483,648. இன்ட்டின் கடைசிப் படிக்குச் சரியாக ஒன்று மேலே.

(அதே 2014 டிசம்பரில் கங்ணம் ஸ்டைல் பாட்டை உலகமே பார்த்துப் பார்த்து, யூட்யூபின் எண்ணிக்கை இதே எண்ணை எட்டியது. அவர்கள் கணக்குக் கட்டத்தை 64 பிட்டாக மாற்றிவிட்டதாகச் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அந்த வருஷமே கெர்னலுக்குள் இதே எண் குந்திக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.)

ஏழு வருஷம் கழித்து, குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் இந்த மூன்று நியாயங்களையும் ஒரே கோட்டில் நிறுத்தினார்கள். முதலில் ஒரு போல்டருக்குள் இன்னொரு போல்டர் என்று சுமார் பத்து லட்சம் போல்டர்கள். மொத்தப் பாதையின் நீளம் 1 ஜிபியைத் தாண்டும். அந்தக் கிணற்றின் அடியை, சாதாரணப் பயனருக்கும் லினக்ஸ் அனுமதிக்கும் ஒரு தனி அறைக்குள் வைத்து 'மவுன்ட்' செய்வது. பிறகு அந்தப் போல்டர்களை அழித்துவிடுவது. கடைசியாக, "என்னென்ன மவுன்ட் ஆகியிருக்கிறது, பட்டியல் கொடு" என்று கெர்னலிடம் கேட்பது. பாத்தி போதாமல் கெர்னல் இரட்டிப்பாக்கிக்கொண்டே போய் 2 ஜிபியில் வந்து நிற்கும். அந்த 2 ஜிபி என்ற நீளம் இன்ட் கட்டத்துக்குள் போகும்போது மைனஸ் 2 ஜிபி ஆகிவிடும்.

இதில் ஒரு அழகு இருக்கிறது, அழகு என்று சொல்லலாமா தெரியவில்லை. பாதையை எழுதும் அந்தப் பங்ஷன் பின்னாலிருந்து முன்னால் எழுதும். கடைசிப் போல்டரின் பெயர்தான் அதற்கு முதலில் தெரியும். அப்பா யார், தாத்தா யார் என்று மேலே ஏறிப்போய்ப் பெயர்களை முன்னால் ஒட்டிக்கொண்டே வரும். அதனால் அது முதலில் போவது பாத்தியின் கடைசி எல்லைக்கல்லுக்கு. ஆரம்பத்திலிருந்து நீளத்தைக் கூட்டினால் கடைசிக் கல். நீளமே மைனஸ் 2 ஜிபி ஆகிவிட்டதால், 'கடைசிக் கல்' நிலத்துக்கு முன்னால் 2 ஜிபி தள்ளி, வேறு யாருடைய வயலிலோ நிற்கிறது. அங்கிருந்து இன்னும் பத்து பைட் பின்னால் போய், போல்டர் அழிக்கப்பட்டுவிட்டதால் '//டெலீட்டட்' என்று எழுதுகிறது. இரண்டு சாய்கோடு, ஏழு ஆங்கில எழுத்து, முடிவுக்கு ஒரு பூஜ்யம். பத்து பைட். எழுதப்படும் வார்த்தையைத் தாக்குபவர் தேர்ந்தெடுக்க முடியாது. இடத்தையும் முடியாது.

பத்து பைட்டை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சாதாரணப் பயனர் எழுதிய குட்டிப் புரோகிராமைக் கெர்னலே தனக்குள் ஓட்டும் வசதி ஒன்று லினக்ஸில் உண்டு, இ-பிபிஎப் என்று பெயர். ஓட்டுவதற்கு முன் கெர்னல் அதை வரிவரியாகப் படித்து ஆபத்தில்லை என்று சான்று கொடுக்கும். சப்-ரிஜிஸ்ட்ரார் பத்திரத்தைப் படித்துக் கையெழுத்துப் போடுவது மாதிரி. அந்தக் கையெழுத்துக்குப் பிறகு, ஓடுவதற்கு முன், நடுவில் அந்தப் புரோகிராமை நிறுத்தி வைத்து, சரியாக அந்த வயலில் இந்தப் பத்து பைட்டை விழச் செய்தார்கள். சான்று வாங்கிய பத்திரத்தில் ஒரு வரி மாறிவிட்டது. மறுபடி யார் படிக்கப் போகிறார்கள்? அங்கிருந்து படிப்படியாகக் கெர்னல் மெமரி முழுதும் கைக்கு வந்து, ரூட் அதிகாரம். உபுண்டு 20.04, 20.10, 21.04, டெபியன் 11, பெடோரா 34 எல்லாவற்றிலும் எந்த மாற்றமும் செய்யாத நிலையிலேயே செய்து காட்டினார்கள். அவர்கள் முறைக்குச் சுமார் 5 ஜிபி மெமரியும் பத்து லட்சம் ஐநோடும் வேண்டும். இரண்டுமே காலேஜ் சர்வரில் தாராளம்.

சி.வி.இ-2021-33909 என்பது அதன் அரசாங்கப் பெயர். சீகோயா என்பது செல்லப் பெயர். கலிபோர்னியாவில் வானத்தைத் தொடும் அந்த மரங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆழமான டைரக்டரி மரம், வேர் என்றால் ரூட், எல்லாம் சேர்த்து வைத்த பெயர். ஜூன் 9-ம் தேதி ரெட் ஹாட்டிடம் ரகசியமாகச் சொன்னார்கள். ஜூலை 6-ல் மற்ற லினக்ஸ் வெளியீட்டாளர்களுக்கு. ஜூலை 20 அன்று எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்தோடு வெளியிட்டார்கள். அந்த மருந்து என்ன தெரியுமா? இரண்டு வரி. கேட்கிற இடம் சுமார் 2 ஜிபி என்ற வரம்பைத் தாண்டினால் கொடுக்காதே. 2014-ல் சத்தமில்லாமல் போன அந்த உச்சவரம்பை மறுபடி நட்டுவிட்டார்கள்.

பைல் சிஸ்டம்காரர்கள் அதுவரை தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். இந்த ஆபத்தின் ஜாதகம் பழசு. 2006-ல் ஸ்டான்போர்டில் ஒரு குழு, கெட்ட எண்ணத்தோடு தயாரித்த டிஸ்க்கை லினக்ஸில் செருகினால் என்ன ஆகும் என்று தானாகவே கண்டுபிடிக்கும் கருவி செய்தது. சோதித்த ஈஎக்ஸ்டி2, ஈஎக்ஸ்டி3, ஜேஎப்எஸ் மூன்றிலும் ஓட்டை. அதே வருஷம் நவம்பரில் 'கெர்னல் பிழை மாதம்' என்று ஒருவர் நாளொரு ஓட்டையாக வெளியிட, அதில் பாதிக்குப் பாதி பைல் சிஸ்டம் சமாச்சாரமாகவே வந்துகொண்டிருந்தது. லினக்ஸ், மேக், பிரீபிஎஸ்டி யாரும் மிச்சமில்லை. டிஸ்க்கில் எழுதியிருப்பதை அப்படியே நம்புவது பைல் சிஸ்டங்களின் பிறவிக்குணம். தான் எழுதியதைத்தானே தான் படிக்கிறோம் என்ற நினைப்பு.

அந்தக் காலத்து ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் புரட்டினால் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். 2005-ல் 'அயர்ன் பைல் சிஸ்டம்ஸ்' என்று விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கட்டுரை, முதல் பெயர் விஜயன் பிரபாகரன், இரண்டாவது லட்சுமி பைரவசுந்தரம். டிஸ்க் பாதி கெட்டுப்போனால் பைல் சிஸ்டங்கள் எவ்வளவு முன்னுக்குப் பின் முரணாக நடந்துகொள்கின்றன என்று ஈஎக்ஸ்டி3, ரெய்சர்எப்எஸ், ஜேஎப்எஸ், என்டிஎப்எஸ் நான்கையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டது. 2006-ல் ஸ்டோனி புரூக்கிலிருந்து 'டைப்-சேப் டிஸ்க்ஸ்', கோபாலன் சிவதாணு, சுவாமிநாதன் சுந்தரராமன், எரெஸ் ஜாடாக். எந்தப் பிளாக் எதைச் சுட்டுகிறது என்பதை டிஸ்க்கே தெரிந்துவைத்துக்கொண்டு எல்லையைக் காக்கட்டும் என்ற யோசனை. 2010-ல் அதே சுவாமிநாதன் சுந்தரராமன் முதல் பெயராக விஸ்கான்சினிலிருந்து 'மெம்பிரேன்'. பைல் சிஸ்டம் விழுந்தால் மெஷினையே சாய்க்காமல், அதை மட்டும் எழுப்பி உட்காரவைத்து, மேலே ஓடும் புரோகிராமுக்குத் தெரியாமலேயே வேலையைத் தொடர்வது. அந்தப் பெயர்களை வரிசையாகப் படித்தால் எங்கள் ஸ்கூல் வருகைப் பதிவேடு மாதிரியே இருக்கும். ஸ்டோரேஜ் துறையில் வேலை பார்த்தும் என் பெயர் அதில் இல்லையே என்று வீட்டில் கேட்டால் பதில் கிடையாது :-)

சரி, லேபுக்கு வருவோம்.

அன்றிரவு போனிலேயே இரண்டு செட்டிங் மாற்றச் சொன்னேன். சாதாரணப் பயனர் தனி அறை போடுவதை நிறுத்து, சாதாரணப் பயனர் இ-பிபிஎப் ஏற்றுவதை நிறுத்து. பத்து நிமிஷத்தில் முடித்தான். ஆனால் குவாலிஸ்காரர்களே எச்சரித்திருந்தார்கள், இது அவர்கள் காட்டிய வழியை மட்டும்தான் அடைக்கும், ஓட்டை அப்படியேதான் இருக்கும் என்று. புது கெர்னல் போட்டு ரீபூட் செய்தால்தான் நிம்மதி.

ரீபூட் செய்யக் காலேஜில் அனுமதி கிடைக்கவில்லை. இன்டர்னல் பரீட்சை நடக்கிறது, சர்வர் திரும்ப எழாவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார்கள். கேள்வி தப்பில்லை. கேம்பஸ் பூட்டியிருக்கிறது. இவன் சித்தூர் வீட்டில் இருக்கிறான். மெஷின் எழாவிட்டால் எழுபது கிலோமீட்டர் போய்ப் பட்டனை அமுக்க வேண்டும். "பரீட்சை முடியட்டும், பதினோரு நாள்தானே" என்று முடித்துவிட்டார்கள். பதினோரு நாள்! எங்கள் வீட்டுக்கும் இந்தப் பதினோன்றுக்கும் என்ன ராசியோ.

அந்தப் பதினோரு நாளும் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. அந்த இருநூறு பேரில் ஒருவன் கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. புத்திசாலியாக, துறுதுறுப்பாக, செய்துதான் பார்ப்போமே என்கிற ஒருவன் இருந்தால் போதும். அந்த வயதில் நானே அப்படித்தான் இருந்தேன். மார்க் பட்டியலில் ஒரு எண் மாறினால் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பழி லேப் பொறுப்பாளர் தலையில். அக்காவுக்கு அவன் ஒரே பிள்ளை, அந்த வேலையும் அவனுக்கு அப்போதுதான் நிரந்தரமாகியிருந்தது. தினம் அங்கே இரவு பத்து மணிக்கு, எனக்கு மத்தியானம் பன்னிரண்டரை, அவன் பட்டியலை எடுத்துத் தன் லேப்டாப்பில் ஒரு நகல், பென் டிரைவில் ஒரு நகல் என்று வைத்து முந்தின நாளோடு ஒப்பிட்டுப் பார்ப்பான். பார்த்துவிட்டு எனக்கு ஒரு கட்டைவிரல் அனுப்புவான். பதினோரு கட்டைவிரல் வந்தது. அந்த நாட்களில் மத்தியானச் சாப்பாடு எனக்கு அதற்குப் பிறகுதான்.

இன்ட்டுக்குப் பதில் வேறு மொழியில் எழுதியிருந்தால் இது நடந்திருக்காதா என்று அவன் ஒருநாள் கேட்டான். நல்ல கேள்வி. மைக்ரோசாப்ட் 2019-ல் சொன்ன கணக்குப்படி, அவர்கள் வருஷாவருஷம் சரிசெய்யும் பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவீதம் இந்த மாதிரி மெமரி எல்லைத் தகராறுகள்தான். குரோம் பிரவுசர்காரர்களும் 2020-ல் கிட்டத்தட்ட அதே எண்ணைச் சொன்னார்கள். ரஸ்ட் என்ற மொழியில் ஒரு அளவையை இன்னொன்றுக்கு மாற்றுவதானால் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும், தானாக நழுவாது. சொல்லியே தப்பாக மாற்றினாலும், பாத்திக்கு வெளியே எழுதப்போகும்போது புரோகிராம் நின்றுவிடும். மெஷின் விழலாம், ராஜ்யம் கைமாறாது. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1-லிருந்து கெர்னலில் ரஸ்ட்டுக்கு இடம் கொடுத்தார்கள். ஆனால் பைல் சிஸ்டம் பக்கம் அது சுலபமாக நுழையவில்லை. 2024 மே மாதம் பைல் சிஸ்டம் நிபுணர்கள் கூடிய கூட்டத்தில் இது பற்றிக் காரசாரமான வாக்குவாதம் நடந்தது. அந்த வேலையை முன்னெடுத்த வெட்சன் அல்மெய்டா பில்யோ சில மாதங்களில் சலித்துப்போய் விலகினார். எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. முப்பது வருஷமாகக் கட்டிக் காத்த வீட்டில் வேறு பாஷை பேசும் மருமகள் வந்தால் மாமியாருக்கு வரும் அதே பயம். 2025 டிசம்பரில், ரஸ்ட் இனி சோதனை முயற்சி இல்லை, கெர்னலின் நிரந்தரப் பகுதி என்று முடிவு செய்தார்கள். ஆனாலும் நாம் தினமும் போட்டோவும் பத்திரமும் சேமிக்கும் ஈஎக்ஸ்டி4, எக்ஸ்எப்எஸ், பிடிஆர்எப்எஸ் மூன்றும் சி-யில்தான் இருக்கின்றன.

சீகோயா அடங்கி ஆறு மாதத்தில், 2022 ஜனவரியில், அதே பைல் சிஸ்டம் அடுக்கில் இன்னொன்று வந்தது. சி.வி.இ-2022-0185. மவுன்ட் செய்யும்போது கொடுக்கும் விருப்பங்களின் நீளத்தைக் கழித்துப் பார்க்கும் ஒரு வரி. கழித்து மைனஸ் வந்தால், மைனஸ் தெரியாத கட்டத்தில் அது பிரம்மாண்டமான பிளஸ் ஆகிவிடும். சீகோயாவுக்கு நேர் தலைகீழ். கண்டுபிடித்தது ஒரு போட்டிக் குழு, பெரும்பாலும் மாணவர்கள். குழுவின் பெயர் 'குரூசேடர்ஸ் ஆப் ரஸ்ட்' :-)

பன்னிரண்டாவது நாள் விடியற்காலை பைக்கில் கிளம்பிப் போனான். எதற்கும் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். வாட்ச்மேன் கதவைத் திறந்துவிட்டு, "என்ன சார், லேபுக்கும் கொரோனாவா?" என்றாராம். ரீபூட் செய்தான். வீடியோ காலில் கறுப்புத் திரையை எனக்குக் காட்டிக்கொண்டே நின்றான். நாற்பது வினாடி. எழுந்துவிட்டது. புது கெர்னல் எண்ணைச் சத்தமாகப் படித்தான்.

வந்ததற்கு மற்ற மெஷின்களையும் பார்த்துவிடு என்றேன். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனவன் மூலையில் ஒன்றைக் கண்டுபிடித்தான். தூசி, சிலந்தி வலை, மானிட்டர் தடித்த பழைய கண்ணாடிக் குழாய். உபுண்டு 10.04, 32 பிட். வாங்கியதிலிருந்து ஒருமுறைகூட அப்டேட் செய்யவில்லை.

"மாமா, இதுக்கும் சீகோயா வருமா?"

யோசித்துப் பார்த்தேன். 32 பிட் கெர்னலால் தனக்கென்று ஒரே பாத்தியாக 2 ஜிபி ஒதுக்கவே முடியாது. சைஸ்_டியும் அங்கே 32 பிட்தான். அளவை மாற்றமே இல்லை.

"வராதுடா. வேற நூறு வியாதி இருக்கும், இது மட்டும் வராது."

"தாத்தா பத்திரம் மாதிரி," என்றான். "அதுல காணின்னுதானே இருக்கு. அதைத் தொட்ட வரைக்கும் தப்பு வரலையே."

அந்த மெஷினின் நெட்வொர்க் ஒயரை மட்டும் பிடுங்கி வைக்கச் சொன்னேன்.